பின்வாசல் நிலைக்காலில் 31 சதவீத ஈரம்: வீட்டு மரங்களைச் சோதித்துச் சரிசெய்த 14 மாதங்கள்

இன்று காலை பின்வாசல் நிலையின் இடது காலில், தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், ஈரமானி 13 சதவீதம் காட்டியது. 14 மாதங்களுக்கு முன் இதே இடத்தில் 31 காட்டியது. அன்று அங்கே இருந்த மரத்தை அறுத்து எடுத்தாகிவிட்டது. இப்போது இருப்பது புதுத் துண்டு. ஆனால் சுவரும் தரையும் பழையவையே. அவை காய்ந்தால்தான் மரமும் காய்ந்து நிற்கும். மூன்று மாதங்களாக எண் ஏறாமல் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லாம் ஒரு திருகாணியில் தொடங்கியது. கதவின் கீழ்க் கீல் ஆடியது. திருப்புளியை வைத்துத் திருகினால் திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. 35 மி.மீ. திருகாணியைக் கழற்றிவிட்டு 60 மி.மீ. நீளத்தில் ஒன்றைப் போட்டேன். கதவு நேராக நின்றது. இரண்டு மாதத்தில் மறுபடி தொங்கியது. இந்த முறை திருகாணியை வெளியே எடுத்தபோது அதன் புரிகளில் மூக்குப்பொடி நிறத்தில் ஒரு தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தால் நாரே இல்லை, வெறும் மாவு. நல்ல மரத்திலிருந்து வரும் திருகாணியின் புரியில் நார் சிக்கியிருக்கும். முதல் நாளே பழைய திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். நீளமான திருகாணியைப் போட்டு இரண்டு மாதத்தை இழந்தேன்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. நிலையின் பின்பக்கம், சுவரும் மரமும் சேரும் மூலையில், பென்சில் பருமனுக்கு ஒரு மண்கோடு ஏறிக்கொண்டிருந்தது. கறையான். பூச்சிக்கொல்லித் தெளிப்பானை எடுத்து மண்கோடு முழுவதும் நனையும்வரை அடித்தேன். மறுநாள் கோடு காய்ந்து உதிர்ந்தது. உள்ளே ஒரு பூச்சிகூட இல்லை. தீர்ந்தது என்று நினைத்துச் சுவரைக் கழுவிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, அங்கிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, சமையலறை அலமாரியின் முதுகுப் பலகையில் புதிய மண்கோடு தெரிந்தது. மண்ணுக்குள் வாழும் கறையானுக்கு அந்தக் கோடு ஒரு பாதை மட்டுமே. கூடு நிலத்தடியில் இருக்கிறது. விரட்டும் தன்மையுள்ள மருந்து பட்ட பாதையை அது கைவிட்டு வேறு வழி தேடும். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அதை நானே அனுப்பிவைத்திருந்தேன். அது எங்கிருந்து ஏறியது என்பதற்கு இருந்த ஒரே தடயத்தையும் கழுவியிருந்தேன்.

இப்போது மண்கோட்டைக் கண்டால் மருந்தைத் தொடுவதில்லை. நடுவில் 3 செ.மீ. அளவுக்கு மட்டும் கத்தி முனையால் உடைத்து, மேலும் கீழும் அப்படியே விட்டுவிடுகிறேன். வெளிர்நிறப் பூச்சிகள் உடனே தென்பட்டால் சந்தேகமே இல்லை. தென்படாவிட்டால் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதிவைத்துச் சில நாள் கழித்துப் பார்க்கிறேன். உடைத்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைபடாமல் கிடந்தாலும் கறையான் போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பாதையில் இப்போது போக்குவரத்து இல்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

கருவிகள்

அலமாரியில் மண்கோட்டைப் பார்த்த அன்றுதான் வீட்டிலுள்ள மரம் முழுவதையும் ஒழுங்காகச் சோதிப்பது என்று முடிவெடுத்தேன். கையில் எடுத்துக்கொண்டவை அதிகம் இல்லை. நல்ல வெளிச்சமுள்ள டார்ச், முனை 6 மி.மீ. அகலமுள்ள பழைய தட்டைத் திருப்புளி, ஒரு குத்தூசி, மரக் கைப்பிடி போட்ட சுத்தியல், பிடியுள்ள சிறு கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், எஃகு அளவுகோல், ரசமட்டம், சுண்ணக்கட்டி, மாதிரி எடுத்து வைக்கச் சில பிளாஸ்டிக் உறைகள். முழங்காலுக்கு மெத்தையும் மூக்குக்கு முகமூடியும் கட்டாயம். கூரைக்குள் பல ஆண்டுத் தூசி கிடக்கிறது. புதிதாக வாங்கியவற்றில் விலை அதிகமானது இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானி.

டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்துக்கு நேர் எதிரே நின்று ஒளி பாய்ச்சினால் எல்லாப் பலகையும் நல்ல பலகையாகவே தெரியும். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகும்படி செய்ய வேண்டும். அப்போது, பெயின்டுக்கு அடியில் கறையான் தின்ற இடம் மெல்லிய அலையாகவும் சிறு குழியாகவும் நிழல் விடுகிறது. அலமாரியின் கீழ்த்தட்டை நான் இரண்டு முறை பார்த்துவிட்டு ‘சரி’ என்று குறித்திருந்தேன். மூன்றாவது முறை டார்ச்சைச் சாய்த்தபோது 40 செ.மீ. நீளத்துக்கு நரம்பு ஓடியதுபோல் ஒரு கோடு தெரிந்தது. குத்தூசி தன் எடையிலேயே உள்ளே இறங்கியது.

சுத்தியலின் இரும்பை நான் பயன்படுத்தவில்லை. கைப்பிடியின் முனையால்தான் தட்டினேன். நல்ல மரம் ‘டொக்’ என்று தெறிக்கும். உள்ளே காலியான மரம் ‘பொத்’ என்று அமுங்கும். காது பழக அரைமணி நேரம் ஆயிற்று. பழகியபின் கண்ணைவிடக் காதுதான் வேகமாக வேலை செய்தது.

வரைபடத்தைக் கட்டத்தாளில் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்ற கணக்கில் வரைந்தேன். ஒவ்வொரு நிலைக்கும் சன்னலுக்கும் ஓர் எண். இதற்கே ஒரு மாலைப்பொழுது போனது. வீண் வேலை என்று அப்போது தோன்றியது. பின்னால் விடை கிடைத்ததே அந்தத் தாளில்தான்.

வெளியிலிருந்து உள்ளே

முதலில் வீட்டுக்கு வெளியே ஒரு சுற்று. மரத்தின் அடிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் 30. பக்கவாட்டில் 22. பின்வாசல் அருகே வெறும் 4. செடிகளுக்காக ஆண்டுதோறும் நானே கொட்டிய மண் அது. சுவர் அடியில் இருந்த கல்வரிசை முழுவதும் மூடியிருந்தது. அந்தக் கல்வரிசை வெளியே தெரிந்திருந்தால் மண்கோடு ஏறும்போதே கண்ணில் பட்டிருக்கும். அதே மூலையில், மிச்சமிருந்த பலகைகளையும் அட்டைப் பெட்டிகளையும் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். அடிப்பலகையைப் புரட்டினேன், அதன் கீழ்முகம் முழுவதும் மண் அப்பியிருந்தது, உள்ளே கறையான்கள் நெளிந்தன. என் கையாலேயே நான் அதற்கு ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே வந்ததும் சன்னலடியில் சிறகுக் குவியல் ஒன்று கிடைத்தது. ஈசலா (சிறகு முளைத்த கறையான்), சிறகு முளைத்த எறும்பா என்று பிரித்தறிய லென்ஸ் உதவியது. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளம். எறும்பின் முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை. உடல் கிடைத்தால் இன்னும் எளிது. ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு மணிகோத்ததுபோல் நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியும் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தும் இருக்கும். என் குவியலில் இருந்த சிறகுகள் எல்லாம் ஒரே நீளம். வெளியே பறந்த ஈசல்கள் விளக்கைத் தேடி உள்ளே வந்து உதிர்த்தவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சன்னல் மாதக்கணக்கில் திறக்கப்படாதது. எனவே அவை வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியவை என்றே குறித்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாளும் ஈரமானியோடு கழிந்தன. ஒவ்வொரு நிலைக்காலிலும் நான்கு உயரங்களில் அளந்தேன்: 5, 15, 50, 100 செ.மீ. முதல் நாள் எடுத்த எண்களை எல்லாம் தூக்கி எறிய நேர்ந்தது. ஊசிகளை இழைக்குக் குறுக்காகக் குத்தியிருந்தேன். என் மானியின் கையேடு இழையின் போக்கிலேயே குத்தச் சொல்கிறது. ஒரு சன்னல் சட்டத்தில் 40 என்று காட்டியதைப் பார்த்துப் பதறிப் பெயின்டைச் சுரண்டினால், உள்ளே ஓர் ஆணித்தலை. இரும்பில் ஊசி பட்டால் மானிக்கு அது ஈரம்தான். மரத்தில் ஏறிய உப்பும் சில மரக்காப்பு மருந்துகளும் இதேபோல் எண்ணை உயர்த்தும். பெரும்பாலான மானிகள் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்துக்கு, 20 டிகிரி செல்சியஸில் அளவு திருத்தப்பட்டவை. வேறு மரத்துக்குக் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 30க்கு மேல் வரும் எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ளக் கூடாது; மரம் ஊறியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் அழுகல் பூஞ்சை தொடங்காது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி ஈரம் நீடித்தால் அது குடியேறிவிடும். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு என் வரைபடத்தைப் பார்த்தேன். வீட்டில் இருந்த எட்டு நிலைகளில் ஏழு, எல்லா உயரத்திலும் 11க்கும் 14க்கும் இடையே. பின்வாசலின் வலது கால் 17, 15, 13, 13. இடது கால் 31, 27, 19, 13.

இந்த வரிசைதான் இந்த 14 மாதங்களில் நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது. ஒற்றை எண் எதையும் சொல்வதில்லை. கீழே அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது. நடுவில் அதிகம், கீழே குறைவு என்றால் பக்கத்திலிருந்து கசிகிறது. தலைப்பகுதியில் அதிகமென்றால் கூரையைப் பார்க்க வேண்டும். நான் பூச்சியையும் அழுகலையும் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். தேட வேண்டியிருந்தது தண்ணீர் வரும் வழியை. கறையானும் பூஞ்சையும் அந்த வழியில்தான் வந்து உட்கார்ந்திருந்தன.

அழுகலைக் கையால் உறுதிசெய்யவும் ஒரு வழி இருக்கிறது. குத்தூசியை இழையின் போக்கில் சாய்வாகச் செருகி நெம்ப வேண்டும். நல்ல மரத்தில் நீளமான சிம்பு கிளம்பும், ஊசிக்குத் தள்ளி எங்கேயோ முறியும். அழுகிய மரம் ஊசிக்கு நேர் மேலேயே, சத்தமில்லாமல், குறுக்காக ஒடியும். இடது காலில் 18 செ.மீ. உயரம்வரை அப்படித்தான் ஒடிந்தது. நிறம் கருமண்; குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சின்னச் சதுரக் கட்டிகளாகப் பிரிந்தது. பழுப்பு அழுகலின் அடையாளம் இது. வெள்ளை அழுகல் என்றால் மரம் வெளுத்து, பஞ்சுபோல் நாராகும். கறையான் தின்ற பகுதி பார்வைக்கே வேறு. இழைகளின் மென்மையான பகுதியை மட்டும் தின்று, கடினமான அடுக்குகளை ஏடு ஏடாக விட்டிருந்தது, ஏடுகளுக்கு இடையே மண். ஒரே காலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன.

கூரையில் நான் பயந்து, பிறகு தெளிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கைமரங்களில் ஊசித் துளைகள் நிறைந்திருந்தன. விட்டம் ஒன்றரை மி.மீ. விரலால் தடவினால் மாவு. கைமரங்களை மாற்றியாக வேண்டும் என்றே நினைத்தேன். பிறகு நிதானித்து, துளைகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கீழே கறுப்புத் தாளை விரித்து ஒட்டிவைத்தேன். ஆறு வாரம் கழித்துத் தாளில் ஒன்றும் விழவில்லை, வட்டத்துக்குள் புதுத் துளையும் இல்லை. துளைகளின் விளிம்பு கறுத்து, உள்ளே ஒட்டடை படிந்திருந்தது. நடப்பில் இருக்கும் துளையிலிருந்து வெளிர்நிறப் பொடி தானாக உதிர்ந்துகொண்டிருக்கும். இந்த வகைத் துளைவண்டு வைரம் பாய்ந்த பகுதியைத் தொடுவதில்லை. வெளிறில், அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிப்பக்க மென்மரத்தில், உள்ள மாவுச்சத்துதான் அதற்கு உணவு. கத்தியால் சீவிப் பார்த்ததில் ஓரத்தில் ஒரு செ.மீ. ஆழம்தான் உளுத்திருந்தது. அதைச் சீவி எடுத்துவிட்டு மரத்தை அப்படியே விட்டேன். ஒரு சில ஆண்டுகளை மரத்துக்குள்ளேயே புழுவாகக் கழிக்கக்கூடிய பூச்சி என்பதால் ஆறு வாரம் போதாது. தாள் இன்றும் அங்கேயே இருக்கிறது.

புத்தகத் தட்டுக்குக் கீழே தினமும் கொஞ்சம் மணல் விழுந்துகொண்டிருந்ததையும் பல மாதம் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். லென்ஸில் பார்த்தபோது ஒவ்வொரு மணியும் ஆறு பட்டைகளோடு, ஒரு மி.மீ.க்குக் குறைவான நீளத்தில், ஒன்றுபோல் இருந்தது. அது உலர்மரக் கறையானின் எச்சம். இதற்கு மண்ணும் வேண்டாம், மண்கோடும் போடாது. நல்லவேளையாக அது அந்த ஒரு தட்டோடு நின்றிருந்தது. தட்டைக் கழற்றி வெளியேற்றினேன். அருகிலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் எங்கிருந்து

பின்வாசலுக்கு வருகிறேன். ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது என்று வரிசை சொன்ன பிறகும், மழைதான் காரணம் என்று பிடிவாதமாக இருந்தேன். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை வெளிப்பக்கம் சிலிக்கோனால் அடைத்தேன். மூன்று வாரத்தில் 15 செ.மீ. உயரத்து எண் 27லிருந்து 30க்கு ஏறியது. உள்ளே இருந்த ஈரம் வெளியேற மிஞ்சியிருந்த வழியையும் அடைத்துவிட்டேன். சிலிக்கோனைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் போனது.

அதன்பின் கட்டத்தாளை மறுபடி விரித்தேன். ஈரமான இடது கால், மண்கோடு வந்த அலமாரி இரண்டுக்கும் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. முன்பு இது எனக்குத் தோன்றவே இல்லை. பின்வாசலையும் குளியலறையையும் வீட்டின் இரு வேறு மூலைகளாகவே நினைத்து வந்திருக்கிறேன். தாளில் இரண்டுக்கும் இடையே 12 மி.மீ. இருந்தது, அதாவது நிஜத்தில் 60 செ.மீ.

மூன்று சோதனைகள் செய்தேன். முதலில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவு நீர்மானியின் எண்ணைக் குறித்தேன். காலையில் அதே எண். ஆகவே வீட்டுக்குள் வரும் குழாயில் கசிவு இல்லை. இரண்டாவது, குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்தேன். ஆறு மணி நேரம் கழித்தும் மட்டம் இறங்கவில்லை. ஆகவே தரையிலும் கசிவு இல்லை. மூன்றாவது, அடைப்பை எடுத்துவிட்டு, நிறம் கலந்த தண்ணீரை 40 லிட்டர் வடிகாலில் ஊற்றினேன். மூன்று மணி நேரத்தில், நிலையை ஒட்டிய சுவரடியில் அந்த நிறம் கசிந்து வந்தது. தரைக்கு அடியில், வடிகால் குழாயின் முதல் பொருத்து விட்டிருந்தது. யாராவது குளிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்காலின் அடிக்குப் போயிருக்கிறது. மண்ணுக்குள் வாழும் கறையானுக்கு ஈரம் உயிர்நாடி; அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் வைத்திருக்கிறோம்.

பொருத்தைச் சரிசெய்ய ஒரு நாள்கூட ஆகவில்லை.

கறையானுக்குத் தொழில்முறை ஆட்களைத்தான் அழைத்தேன். மண்ணுக்குள் இறங்க வேண்டிய மருந்தைச் சொந்தமாகக் கையாள்வது சரியல்ல. முதலில் வந்தவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, எல்லா நிலைகளையும் மாற்ற வேண்டும் என்றார். எந்த மரத்தையும் அவர் குத்திப் பார்க்கவில்லை. இரண்டாவது வந்தவர் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது: ‘பார்க்க முடியாத இடங்கள்’ என்று தலைப்பிட்டு, அலமாரியின் பின்புறம், குளியலறைத் தொட்டியின் அடி, பொய்க்கூரைக்கு மேலே என்று வரிசையாக எழுதியிருந்தார். அந்தப் பகுதி இல்லாத அறிக்கையை இனி நான் நம்ப மாட்டேன். சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளைகள் போட்டு மருந்தைச் செலுத்தினார்கள். விரட்டாத வகை மருந்து அது. கறையான் அதை உணராமல் கடந்துபோய்த் தன் கூட்டத்துக்குள் கொண்டு சேர்க்கும். வேலை தொடங்கும்முன், பின்வாசலில் நான் கொட்டிவைத்த மண்ணையெல்லாம் வெட்டி எடுத்து 4 செ.மீ.யை 20 ஆக்கியிருந்தேன். மருந்து போட்ட பிறகு மண்ணைக் கிளறினால் தடுப்பு அறுந்துவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

நிலைக்காலை ஒட்டுப்போட்டது

மரம் 100க்கு 75 மி.மீ. சட்டம். கண்ணுக்குத் தெரிந்த அழுகல் 18 செ.மீ.; கறையான் ஏடு பிரித்த இடம் 29 செ.மீ.வரை. நான் 45 செ.மீ. உயரத்தில் வெட்டினேன். வெட்டுமுகத்தில் இழை முழுதாக, நிறம் மாறாமல் இருப்பதைப் பார்த்த பிறகே நிம்மதியாக இருந்தது. வெட்டும்முன் கதவைக் கழற்றிவிட்டு, மேல்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

பழையதும் புதியதும் பாதிக்குப் பாதி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி 20 செ.மீ. நீளத்துக்குச் செதுக்கி, எபாக்சி என்ற ஒட்டுப்பிசினைப் பூசி, 10 மி.மீ. போல்ட் இரண்டால் இறுக்குவது திட்டம். முதல் துண்டு வீணானது. பொருத்தின் வெளிவாயை உள்நோக்கிச் சரியும்படி வெட்டிவிட்டேன். மழைத்துளி விழுந்தால் நேராகப் பொருத்துக்குள் இறங்கும். மரத்தை அழுக விட்ட பிழையைப் புது மரத்திலும் செய்யப் பார்த்தேன். இரண்டாவது துண்டில் சரிவை வெளிப்பக்கமாக வைத்தேன்.

உதவிக்கு வந்த முதிய தச்சர் புதுத் துண்டைத் தூக்கி அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, வெட்டுமுகத்துக்குப் பூச்சு அடித்தீர்களா?”

“அது அடியில்தானே இருக்கப்போகிறது ஐயா, யார் பார்க்கப்போகிறார்கள்?”

“தண்ணீர் பார்க்கும்.”

மரத்தின் பக்கங்களைவிட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். இழைகள் எல்லாம் அங்கேதான் வாய்திறந்து நிற்கின்றன. எபாக்சியை மூன்று முறை, ஒவ்வொன்றும் ஊறி இறங்கியபின், பூசினேன். அடியில் 10 மி.மீ. தடிமனுள்ள கடினப் பிளாஸ்டிக் துண்டை வைத்து மரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினேன். பழைய காலின் மீதிப் பகுதிக்குப் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் போரேட் உப்புக் கரைசலை ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை தடவினேன். இதில் ஒரு வசதி, ஈரம் மிச்சமிருக்கும் மரத்தில் போரேட் இன்னும் ஆழமாகப் பரவும். ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். மேலே பெயின்ட் கட்டாயம்.

அந்தப் பெயின்டில்தான் கடைசியாகச் சறுக்கினேன். பழைய பகுதி 22 சதவீதம் காட்டியபோதே பொறுமை இழந்து பிரைமரும் பெயின்டும் அடித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, சுவரின் பூச்சை 60 செ.மீ. உயரத்துக்கு உடைத்துத் திறந்துபோட்டுக் காத்திருந்தேன். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது சுவர் காய்வதற்குக் கட்டுமான வேலையில் சொல்லும் தோராயக் கணக்கு. என் சுவர் 230 மி.மீ. காற்றாடியை ஓடவிட்டும் ஏழு மாதம் ஆயிற்று, எண் 15க்கு இறங்க. அதன்பிறகு அடித்த பெயின்ட் இன்றுவரை அசையவில்லை.

மொத்தச் செலவை நூறு பங்காக வைத்தால், கறையான் மருந்துக்கு 46, மரத்துக்கும் தச்சு வேலைக்கும் 27, கருவிகளுக்கு 12, அலமாரிப் பலகைக்கு 9, வடிகால் பொருத்துக்கு 6. அந்த 6 பங்கை முதலில் செலவழித்திருந்தால் மற்றதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

மறுமுறை செய்தால் ஈரமானியை முதல் நாளே வாங்குவேன். திருகாணி பிடிக்காத அன்றே நான்கு உயரங்களிலும் அளப்பேன். மண்கோட்டைக் கழுவும்முன் படம் எடுப்பேன். சிலிக்கோன் குழலைத் தொடுவதற்கு முன்பே நிறத்தண்ணீர்ச் சோதனையைச் செய்வேன். ஒட்டுத்துண்டுக்கு வைரம் பாய்ந்த மரம்தான் என்று கேட்டு வாங்கி, ஓரத்தில் வெளிறு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். இந்த முறை ஒரு மூலையில் விரல்கனம் வெளிறு வந்துவிட்டது. அதன்மேல் என் கண் எப்போதும் இருக்கிறது.

அறிக்கையின் ‘பார்க்க முடியாத இடங்கள்’ பட்டியலில் மூன்றில் இரண்டைப் பார்க்கக்கூடிய இடங்களாக்கிவிட்டேன். பொய்க்கூரையில் ஒரு பலகையைக் கழற்றி மாட்டும்படி செய்தேன். அலமாரியின் முதுகுப் பலகையில் 20 செ.மீ. சதுரத்துக்கு ஒரு திறப்பு வெட்டி, நான்கு திருகாணியால் மூடியிருக்கிறேன். காலையில் நிலைக்காலை அளந்த கையோடு அதையும் திறந்து டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். சென்ற முறை சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய தேதி அழியாமல் இருக்கிறது. அதன்மேல் மண் ஏறவில்லை. அதற்குக் கீழே இன்றைய தேதியை எழுதி மூடிவைத்தேன். நான்கு திருகாணிகளும் நன்றாகப் பிடித்தன.